வீடுகள் கூறும் வரலாறு

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து மகாராஜபுரம் என்னும் ஊர் உள்ளது. மேற்கே முகில் தவழும் மலை. அதன் கீழே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும். இத்தகைய ஊர்களில் பழைய வீடுகள் சில இன்னும் எஞ்சி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றனுள் நுழைந்து, பரண்மேல் ஏறிப் பார்ப்பவன் பல பொருள்களைக் காணக்கூடும். நெல் அளந்த மரக்கால் ஒருபுறம் கிடக்கும். உழக்கும் நாழியும் ஒன்றனுள் ஒன்றாகக் கவிழ்ந்திருக்கும். கைப்பிடி தேய்ந்த திரிகைக் கல் ஒரு மூலையில் இருக்கும். கமலைக்குரிய உருளையும், பாதி அற்றுப்போன வடமும் தூசி படிந்து தொங்கும். இவற்றின் மதிப்பு யாது? பழைய பொருள் வாங்குவோன் எடைக்கு எவ்வளவு தருவானோ அவ்வளவே என்று வீட்டார் கருதுவர். ஒருநாள் வீடு இடிக்கப்படும். இரும்பு உருக்காலைக்குச் செல்லும். மரம் அடுப்புக்குச் செல்லும். அத்துடன் ஒரு வரலாறும் முடிந்துபோகும்.

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் கோட்டையுமே பலருடைய நினைவிற்கு வருகின்றன. மன்னன் போரில் வென்ற ஆண்டைக் கல்வெட்டு கூறும். அவன் கோயிலுக்கு அளித்த நிலத்தின் எல்லையைச் செப்பேடு கூறும். ஆனால், அந்நிலத்தை உழுதவன் எத்தகைய வீட்டில் வாழ்ந்தான், அவன் மனைவி எக்கலத்தில் சோறு பொங்கினாள், மழைக்காலத்தில் விதைநெல்லை எங்ஙனம் காத்தனர் என்பனவற்றைக் கல்வெட்டுகள் விரித்துரைப்பதில்லை. அவற்றை உரைப்பவை வீடும் வீட்டுப் பொருள்களுமே ஆகும். நாட்டின் வரலாறு ஒரு பெருமரம் எனின், மன்னர் வரலாறு அதன் உச்சிக் கொம்பு. எளிய மக்களின் வாழ்வே அதன் வேர். கொம்பு யாவர் கண்ணுக்கும் தெரியும். வேரோ மண்ணுள் மறைந்து கிடப்பது. அதனைத் தேடிக் காப்பதற்குத் தனி முயற்சி வேண்டும்.

பொருள் அழியும்போது அதனுடன் சொல்லும் அழிகின்றது. இதனை மொழி கற்போர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கிணற்றின் வாயில் மரச்சட்டம் நாட்டி, அதில் உருளை பொருத்தி, பெரிய கயிற்றின் ஒருமுனையில் சால் என்னும் கலத்தைக் கட்டி, மறுமுனையை மாட்டின் நுகத்தடியோடு பிணைப்பர். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் நீர் நிறைந்து மேலெழும். சாலின் அடியில் தைத்துள்ள தோல் தும்பியின் வழியே நீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். இதுவே கமலை இறைப்பு. மின்பொறி வந்தபின் கமலை நின்றது. அது நின்றவுடன் சால், தும்பி, வடம், வால்கயிறு முதலிய சொற்களும் வழக்கு வீழ்ந்தன. இன்று இளைஞன் ஒருவன் அச்சொற்களை ஏட்டில் காண்பானாயின், அகராதியைத் திறந்தால் பொருள் அறிவான். ஆயினும் உருவம் அறியான். கண் காணாத பொருளின் பெயர் காதுக்கு வெற்றொலியாகவே நிற்கும். எனவே, பழம்பொருளைக் காத்தல் மொழியைக் காத்தலும் ஆகும்.

இவ்வுண்மைக்குத் தமிழ் வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1855 ஆம் ஆண்டில் பிறந்து 1942 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தவர். அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் அறிஞரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். ஏடு கையில் இருந்தது. இலக்கணப் புலமையும் நிறைந்திருந்தது. ஆயினும், அந்நூலில் வந்த சமண சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. அப்பொழுது அவர் அவ்வூரில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்தம் வழக்கங்களைக் கேட்டறிந்தார். நூலில் இருண்டு கிடந்த இடங்கள் ஒளி பெற்றன. சிந்தாமணி 1887 ஆம் ஆண்டில் அச்சேறியது. ஏட்டைப் படிக்க வாழும் மனிதரின் துணை வேண்டியிருந்தது என்பதே இதனால் அறியத்தக்கது. அம்மனிதர் இல்லாதிருந்தால், ஏடு இருந்தும் பயன் குறைந்திருக்கும்.

அரசினர் அமைக்கும் அருங்காட்சியகங்கள் நாட்டுக்குப் பெருந்தொண்டு புரிவன. சென்னையில் எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851 ஆம் ஆண்டில் தோன்றியது. அங்குள்ள செப்புத் திருமேனிகளைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றின் கரையில் உள்ள வெம்பக்கோட்டைப் பகுதியில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 2022 ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கினர். மண்ணுக்கு அடியிலிருந்து சங்கு வளையல்களும், சுடுமண் உருவங்களும், கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. பண்டை நாளில் அங்கே கைத்தொழில் செய்த மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று பகர்கின்றன.

எனினும், அகழாய்வில் கிடைக்கும் பொருளுக்கு ஒரு குறை உண்டு. சங்கு வளையல் கிடைத்தது. அதனை அணிந்தவள் பெயர் கிடைக்கவில்லை. சுடுமண் பொம்மை கிடைத்தது; அதனை வைத்து விளையாடிய குழந்தை பாடிய பாட்டுக் கிடைக்கவில்லை. மண் பொருளைத் தரும், குரலைத் தராது. மகாராஜபுரத்துப் பரணில் கிடக்கும் மரக்காலின் நிலையோ வேறு. அதனால் நெல் அளந்த மூதாட்டி இன்றும் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். முதல் மரக்கால் அளக்கும்போது எண்ணை எங்ஙனம் சொல்வர், அறுவடைக் களத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த ஆண்டு மழை பொய்த்தது என்பனவற்றையெல்லாம் அவள் சொல்ல வல்லவள். பொருளும் குரலும் ஒருங்கே கிடைக்கும் காலம் இது. இக்காலம் நெடிது நில்லாது.

பொருளையும் குரலையும் சேர்த்துக் காத்தல் இயலுமா? இயலும் என்று முதன்முதல் உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டு மொழியாசிரியர். ஆர்தர் ஹசேலியசு என்பது அவர் பெயர். 1833 ஆம் ஆண்டில் பிறந்த அவர், தம் தாய்மொழியின் எழுத்து முறையைச் சீர்செய்வதில் ஈடுபட்டவர். 1872 ஆம் ஆண்டில் அவர் டாலர்னா என்னும் மாநிலத்தில் பயணம் செய்தார். புதிய தொழிற்சாலைகளும் இருப்புப் பாதையும் வந்துகொண்டிருந்த காலம் அது. உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அணிந்த ஆடைகளும், மரத்தால் செய்த வீட்டுப் பொருள்களும் மறைந்து வருதலை அவர் கண்டார். அன்று முதல் அவற்றைத் திரட்டுதலே அவருக்கு வாழ்க்கைத் தொழிலாயிற்று. மறு ஆண்டிலேயே ஸ்டாக்ஹோம் நகரில் தாம் திரட்டியவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

ஆனால், கண்ணாடிப் பேழையுள் வைத்த ஆடை அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆடை இருந்தது, அதனை அணிந்து நடமாடிய வீடு எங்கே? எனவே, வீட்டையே கொண்டுவருவது என்று துணிந்தார். டாலர்னாவின் மோரா என்னும் ஊரிலிருந்து ஒரு மரவீட்டை 1885 ஆம் ஆண்டில் வாங்கினார். பின்னர், 1891 ஆம் ஆண்டில் அந்நகரத்துக் குன்று ஒன்றின்மேல் 'ஸ்கான்சன்' என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தை நிறுவினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீடுகள் அங்கே கொண்டுவரப்பெற்றன. வீடுகளில் அடுப்பு எரிந்தது, தறி ஓடியது, பழைய ஆடையுடுத்தியோர் பழைய தொழில்களைச் செய்து காட்டினர். இத்தனைக்கும் வேண்டிய பொருளை அவர் மக்களிடம் கேட்டுப் பெற்றார். செல்வரிடம் சென்றார், எளியோரிடமும் சென்றார். 1901 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அக்குன்றிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் காட்டிய வழியைப் பின்பற்றி உலகின் பல நாடுகளில் திறந்தவெளிக் காட்சியகங்கள் தோன்றின.

தமிழ்நாட்டிலும் அத்தகைய காட்சியகம் ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு என்னும் இடத்தில் அஃது அமைந்துள்ளது. அதன் பெயர் தட்சிணசித்ரா. தென்னாட்டின் சித்திரம் என்பது அப்பெயரின் பொருள். இஃது அரசர் எழுப்பியதன்று. அரசு நேரே நடத்துவதுமன்று. ஊதியம் கருதாத அமைப்பு ஒன்றின் முயற்சியால் உருவானது. 1984 ஆம் ஆண்டில் சென்னையில் 'மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன்' என்னும் அமைப்புத் தொடங்கப்பெற்றது. அதனைத் தோற்றுவித்தவர் டெபோரா தியாகராஜன் என்னும் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, தமிழகத்தைத் தம் வாழிடமாகக் கொண்டு, இந்நாட்டுக் கலை வரலாற்றைக் கற்றவர் அவர்.

தென்னாட்டுப் பழைய வீடுகள் நாள்தோறும் இடிக்கப்படுதலை அவ்வமைப்பினர் கண்டு வருந்தினர். உரிமையாளரைக் குறை கூறுவதற்கில்லை. பெருகிய குடும்பத்திற்குப் பழைய வீடு போதாது. ஓடு மாற்றவும் மரம் பழுது பார்க்கவும் பொருள் வேண்டும். பிள்ளைகளோ வேலை தேடி நகரம் சென்றுவிட்டனர். ஆதலின், வீட்டை விற்பார்; வாங்கியவர் தேக்குத் தூண்களைப் பிரித்து விலைக்கு அனுப்புவார். இவ்வாறு இடிப்பதற்கென்று விடப்பட்ட வீடுகளைத் தேடிப் பெற்று, ஓரிடத்தில் மீண்டும் எழுப்புவது என்பதே அவ்வமைப்பினர் மேற்கொண்ட நோன்பு. தமிழ்நாட்டரசு முட்டுக்காட்டில் 10 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு அளித்தது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக்கலை அறிஞர் லாரி பேக்கர் அமைப்புத் திட்டத்திற்கு வழிகாட்டினார். அவர் வழி வந்த பென்னி குரியகோஸ் கட்டடப் பணியில் ஈடுபட்டார்.

அமைப்புத் தொடங்கிய ஆண்டு 1984. காட்சியகத்தின் கதவு பொதுமக்களுக்குத் திறந்த நாள் 1996 டிசம்பர் 14. இடையே கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். அப்பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டுவதற்கு ஒரு கட்டடமும் இல்லாத நாள் பல இருந்திருத்தல் வேண்டும். இல்லாத ஒன்றிற்காகப் பொருள் கேட்டல் எளிதன்று. கோயிலுக்குக் கொடுப்போர் உளர். பள்ளிக்குக் கொடுப்போர் உளர். பசித்தோர்க்குக் கொடுப்போர் உளர். பாழ்வீட்டின் தூணுக்காகக் கொடுப்பவர் யார்? பயன் இன்னதென்று எடுத்துரைத்து, கேட்பவர் உள்ளத்தில் அதனைப் பதியவைத்து, அரசினரிடமும் அறநிலையங்களிடமும் தனியாரிடமும் சிறுகச் சிறுகத் துணை பெற்றே அப்பணி நிறைவேறியது. விதைத்த அன்றே விளைச்சலைக் கேட்பவர் இத்தகைய பணிக்கு உதவார்.

வீட்டை இடம் பெயர்ப்பது எங்ஙனம்? முதலில் வீட்டை அளந்து படம் வரைவர். தூண், உத்திரம், விட்டம், கதவு, நிலை ஆகிய ஒவ்வொன்றிற்கும் எண் இட்டுக் குறிப்பர். பின்னர் மேலிருந்து கீழாக ஒவ்வோர் உறுப்பாகப் பிரிப்பர். பிரித்தவற்றை வண்டியில் ஏற்றிப் புதிய இடத்திற்குக் கொண்டு செல்வர். அங்கே அடித்தளமிட்டு, எண்ணின் முறைப்படி மீண்டும் பொருத்துவர். பழைய தச்சர் இரும்பாணியைப் பெரிதும் நம்பாமல், ஒரு மரத்தின் நாக்கை மற்றொரு மரத்தின் துளையில் இறுகச் செருகி வீடு கட்டியவராதலின், பிரித்துப் பொருத்துதல் இயல்வதாயிற்று. ஆயினும், இதனை எவரும் செய்துவிட முடியாது. எப்பகுதியின் வீடோ அப்பகுதியின் தச்சரும் கொத்தரும் வந்தே இப்பணியைச் செய்தனர். வீட்டைக் காக்கும் முயற்சி அவ்வீட்டைக் கட்டும் கலையையும் காத்தது.

தட்சிணசித்ராவில் இன்று பதினெட்டு வீடுகள் உள்ளன. செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, திருநெல்வேலிச் சீமையின் ஆம்பூர் அக்கிரகார வீடு, குயவர் வீடு, உழவர் வீடு ஆகியவை தமிழகப் பகுதியில் நிற்கின்றன. கேரளப் பகுதியில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு உள்ளது. அது 1850 ஆம் ஆண்டில் மரத்தால் கட்டப்பெற்றது. கருநாடக, ஆந்திர நாட்டு நெசவாளர் இல்லங்களும் உண்டு. ஆந்திரக் கடற்கரையின் வட்ட வடிவ வீடு காண்போர்க்கு வியப்பளிப்பது. வணிகர் வீட்டின் அகன்ற முகப்பையும் குயவர் வீட்டின் தாழ்ந்த கூரையையும் ஒரே நாளில் கண்டு நடப்பவன், நூல் பல கற்றும் உணர்தற்கரிய ஒன்றை உணர்வான். மழை மிகுந்த நாட்டில் கூரை ஏன் செங்குத்தாய்ச் சரிகின்றது, வெயில் மிகுந்த நாட்டில் வீட்டின் நடுவே முற்றம் ஏன் வேண்டும், தறி வைப்போன் வீட்டில் கூடம் ஏன் நீண்டிருக்கின்றது என்னும் வினாக்களுக்கு வீடே விடை கூறும்.

இக்காட்சியகத்தின் மற்றொரு சிறப்பு, காண்போரின் கைக்கும் அங்கே வேலை உண்டு என்பதே. 'தொடாதே' என்னும் பலகையைக் கண்டு பழகிய மாணவர்கள், இங்கே குயவரின் சக்கரத்தருகே அமர்ந்து களிமண்ணைத் தொட்டு வனைகின்றனர். பனையோலை முடையக் கற்கின்றனர். களிமண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவே வைக்க முயலும் மாணவனின் கையில் அஃது ஒருபுறம் சாய்ந்து குலைந்து போகும். மீண்டும் வைப்பான், மீண்டும் குலையும். அருகில் இருக்கும் குயவர் புன்முறுவலுடன் தம் விரலை மெல்ல வைத்தவுடன், மண் கலமாய் எழும். ஒரு பானையின் விலை சில காசே என்று எண்ணியவன், அதனுள் பல தலைமுறையின் அறிவு அடங்கியுள்ளமையை அப்பொழுது அறிவான். கண்ணால் கண்டது மறக்கும். கையால் செய்தது மறவாது.

இதன்கண் ஓர் ஐயம் எழலாம். ஊரிலிருந்து பெயர்த்த வீடு உண்மையில் அவ்வீடே ஆகுமா? தெருவும் அயலாரும் கிணறும் கோயிலும் இன்றித் தனித்து நிற்கும் வீடு, வேரொடு பறித்த செடியைப் போன்றதன்றோ? இவ்வையம் நியாயமானதே. வீடு தன் ஊரிலேயே, தன் மக்களுடனேயே வாழ்தல்தான் தலைசிறந்தது. அங்ஙனம் வாழ வழியுள்ள வீட்டைப் பெயர்த்தல் தகாது. ஆனால், மறுநாள் கோடரிக்கு இரையாகும் வீட்டின்முன் நிற்பவனுக்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, அழிவதைப் பார்த்திருத்தல். மற்றொன்று, எடுத்துச் சென்று காத்தல். பின்னதைத் தேர்ந்தவர் குறையுள்ள ஒன்றைச் செய்தவராகலாம். ஒன்றும் செய்யாதவரினும் அவர் உயர்ந்தவரே. இவ்வையத்திலிருந்து வேறொரு பாடமும் கிடைக்கின்றது. தொலைவிலுள்ள ஒரு பெரிய காட்சியகம் மட்டும் போதாது. ஒவ்வோர் ஊரும் தன் பொருளைத் தன் மண்ணிலேயே காக்கும் சிறிய கூடம் ஒன்றைப் பெறுதல் வேண்டும்.

இத்தகைய பணிக்குப் பெருஞ்செல்வம் இருந்தால்தான் துணை செய்யலாம் என்று கருதுதல் பிழை. துணை பல வகைப்படும். புனே நகரில் தினகர் கேல்கர் என்பார் விளக்கு, பாக்குவெட்டி, சமையற் கலம், இசைக்கருவி முதலிய வீட்டுப் பொருள்களை ஊர் ஊராகச் சென்று திரட்டினார். ஒருவர் தம் வாழ்நாளில் திரட்டியவை 20,000-க்கு மேற்பட்டன. இளமையிலேயே இறந்த தம் மகன் ராஜாவின் பெயரை அத்தொகுதிக்கு இட்டு, 1975 ஆம் ஆண்டில் அதனை மகாராட்டிர அரசுக்கு அளித்தார். ஒரு தந்தையின் துயரம் நாட்டின் செல்வமாக மாறியது. இஃது உழைப்பும் பொருளும் ஈந்த துணை.

இடத்தை ஈந்தாரும் உளர். மகாராஜபுரத்திற்கு அணித்தான இராசபாளையத்தில் 1898 ஆம் ஆண்டில் பிறந்தவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. அவர் 1949 ஆம் ஆண்டு முதல் 1952 ஆம் ஆண்டுவரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கினார். பின்னர் ஒரிசா மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். அத்துணை உயர்பதவி வகித்த அப்பெருமகனார், தாம் வாழ்ந்த இல்லத்தையே இராசபாளையத்துக் காந்தி கலை மன்றத்திற்கு ஈந்தார். வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைப்பது உலக வழக்கம். ஊருக்கு எழுதி வைப்பது சான்றோர் வழக்கம். செல்வமோ இடமோ இல்லாதவர்க்கும் ஈவதற்கு ஒன்று உண்டு. வாரத்தில் ஒருநாள் உழைப்பும், தம் நினைவில் உள்ள செய்தியும், தம் வீட்டுப் பரணில் உள்ள ஒரு பொருளுமே அவை.

பொருளைத் திரட்டுவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். முதலாவது, ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டுப் பதிவேட்டில் குறித்தல். அதன் ஊர்ப்பெயர், செய்த பொருள், அளவு, அளித்தவர் பெயர், பெற்ற நாள், பயன்பட்ட முறை ஆகியவை அதில் இடம்பெறல் வேண்டும். பதிவில்லாத பொருள் ஊரும் பேரும் அறியாத வழிப்போக்கனைப் போன்றது. இரண்டாவது, அப்பொருளைக் கையாண்டவரின் சொற்களை அவர் பேசும் பேச்சிலேயே எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்தல். மூன்றாவது, பொருளின் பழமையைக் கெடாது காத்தல். பித்தளையைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குதலும், மரத்திற்குப் புதுவண்ணம் பூசுதலும் நன்மையல்ல. தேய்ந்த கைப்பிடியே அதன் வரலாறு. ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சியும் அணுகாது. துணியையும் தாளையும் நேர்வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். நான்காவது, கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே பெறுதல். வீட்டாரின் மனம் வருந்தப் பெற்ற பொருள் காட்சியகத்திற்குப் பெருமை தராது. நிலத்தடியில் பழம்பொருள் கிடைப்பின், அதனைத் தாமே தோண்டாது, உடனே அரசு அலுவலர்க்கு அறிவித்தல் கடமை.

காட்சியகத்தைத் திறப்பதோடு பணி முடிவதில்லை. கடற்காற்றின் உப்பு மரத்தை அரிக்கும். கறையான் இரவு பகல் பாராது. மழை ஓட்டைப் பெயர்க்கும். ஆண்டுதோறும் பழுது பார்த்தல் வேண்டும். கைவினைஞர்க்கு ஊதியம் வேண்டும். நுழைவுக் கட்டணமும் அன்பர்களின் கொடையுமே இத்தகைய அமைப்புகளுக்கு ஊன்றுகோல். பள்ளி மாணவர் கூட்டமாகச் சென்று காண்பதும் ஒரு துணையே. அவர்கள் செலுத்தும் சிறு கட்டணத்தினும், கண்டபின் அவர்கள் வீட்டில் சென்று கேட்கும் வினாவே பெருந்துணை. 'நம் வீட்டில் இது போன்ற பொருள் உண்டா?' என்று ஒரு சிறுவன் தன் பாட்டியைக் கேட்பானாயின், அன்றே அவ்வீட்டில் ஒரு காட்சியகம் தொடங்கிவிட்டது எனலாம்.

மகாராஜபுரத்துப் பரணை மீண்டும் நினைப்போமாக. மரக்கால் இன்னும் அங்கே இருக்கின்றது. திண்ணையில் மூதாட்டியும் இருக்கின்றாள். ஸ்டாக்ஹோமில் ஒரு மொழியாசிரியர் தொடங்கியதும், முட்டுக்காட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து சிலர் முடித்ததும் பெரும்பணிகளே. ஆனால், அவற்றின் முதற்படி மிகச் சிறியது. ஒருவர் ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதனை அறிந்தவரிடம் சென்று, 'இதன் பெயர் என்ன? இதனை எங்ஙனம் பயன்படுத்தினீர்கள்?' என்று கேட்டார்; அவ்வளவே. மரக்கால் இன்னும் நூறாண்டு இருக்கக்கூடும். விடை கூறும் வாய் அத்துணைக் காலம் இராது. ஆதலின், மாணவர்கள் அவ்வினாவை இன்றே கேட்பாராக. கேட்டதை ஏட்டில் எழுதுவாராக. பின்வரும் தலைமுறையினர் நம்மைப் பற்றிய வரலாற்றை மண்ணைத் தோண்டித் தேடாமல், நாம் விட்டுச்சென்ற பொருளையும் சொல்லையும் கொண்டு அறிய அதுவே வழியாகும்.